கழுத்துக்குக் கீழே

நான்காம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
ஆடி முடிந்த வாரம்
பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு அடியில்
வேறொன்று கேட்டது.
நகம் தோலில் போய் வருகிற சத்தம்.

முதலில் கண்ணில் பட்டவள் மிஸ்பா.
விரலிடுக்கில் கடுகு கடுகாய்க் கொப்புளம்.
மணிக்கட்டில் பென்சிலால் இழுத்த மாதிரி
மெல்லிசாய் ஒரு கோடு.
"ராத்திரிலதான் டீச்சர் ரொம்ப."

நான் செய்தது இதுதான்:
கடைசி பெஞ்சை இரண்டு முழம் பின்னால் இழுத்து
அவளை மட்டும் அங்கே உட்காரவைத்தேன்.
யுவனேஷின் அம்மா கதவோரம் வந்து
"அந்தத் தெருப் பசங்களே இப்படித்தான்" என்றபோது
வருகைப் பதிவேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.
தேதி எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

திங்கட்கிழமை எஸ்தர் சிஸ்டர் வந்தார்,
ஸ்கூட்டியின் முன்னால் அட்டைப்பெட்டி, அதன்மேல் கால்.
முப்பத்தெட்டு ஜோடிக் கைகளையும்
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.
பத்தொன்பது பேர்.
யுவனேஷ் ஏழாவது.
"உங்க கையையும் காட்டுங்க டீச்சர்."

வளையலுக்கு அடியில் இருந்தது.
ஒன்றரை மாதமாக
வேர்க்குரு என்று பவுடர் போட்டுவந்தது.

யாரிடமிருந்து யாருக்கு என்று
சிஸ்டர் கேட்கவில்லை.
நான்தான் அன்று இரவு எண்ணிப் பார்த்தேன்:
'ழ' வளையவில்லை என்று
எத்தனை விரல்களைப் பிடித்து எழுதவைத்தேன்.
மிஸ்பாவுக்கு 'ழ' கடைசிவரை வளையவில்லை.

வெள்ளிக்கிழமை என்று முடிவானது.
எல்லா வீட்டிலும் ஒரே இரவு.
கழுத்திலிருந்து கால்விரல் வரை,
தொப்புள், நகக்கண், விரலிடுக்கு விடாமல்,
அரிக்கிறவர் அரிக்காதவர் எல்லோரும்.
காலையில் குளியல்.
ஒரு வீடு தவறினால் மறுபடி எல்லா வீடும்.
தமிழில் நான் எழுதிய நோட்டீசுக்குக் கீழே
உருதில் எழுதிக் கொடுத்தான் மிஸ்பாவின் அண்ணன்.
என் எழுத்தைவிட அவன் எழுத்து அழகு.

வெந்நீரில் துணி துவைக்கச் சொல்லியிருந்தோம்.
பேரணாம்பட்டில் குழாய்த் தண்ணீர்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை.
போர்வையை, பள்ளிப் பையை
சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டி
நாலு நாள் தொடாதீர்கள் என்று திருத்தினோம்.
பீடி சுற்றுகிற ஒருத்தி கேட்டாள்:
"கையில மருந்தோட இலையைத் தொடலாமா?
ஒரு ராத்திரிக்கு இருநூறு பீடி போகுமே."
கிள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.
பதில் எங்கள் நோட்டீசில் இல்லை.

மிஸ்பாவின் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் நைட் ஷிஃப்ட்.
வெள்ளி மாலை கேட்டுக்கு வெளியே நின்றே
பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சுண்ணாம்பு தின்ற விரல்கள்.
"மாட்டுத் தோலுக்கு நான் தேய்க்கிறேன்.
என் தோலுக்கும் தேய்க்க ஒருத்தர் இருக்கீங்க."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
நைட்டை மாற்றிக்கொண்டார்.
அரை நாள் கூலி போயிருக்கும்.

அந்த இரவு
என் புடவையில்லாத முதுகில்
எட்டாத இடத்துக்கு என் கணவர் தடவினார்.
ஊரில் எத்தனை வீட்டில் இப்படி
ஒருவர் முதுகை ஒருவர் திருப்பிக்கொண்டிருப்பார்கள்
என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.
மின்விசிறிக் காற்றில் உடம்பெல்லாம் சில்லென்றது.

திங்கள் காலை வகுப்பில் மருந்து வாசனை லேசாக மிச்சம்.
"பூச்சி செத்தாலும்
அரிப்பு இரண்டு மூணு வாரம் இருக்கும்,
பயந்து திரும்பத் திரும்பப் பூசாதீங்க" என்றார் சிஸ்டர்.
அடுத்த வெள்ளி இரண்டாவது பூச்சு.
அவ்வளவுதான்.

பெஞ்சை முன்னால் தள்ளினேன்.
கிறீச்சென்று வந்து சேர்ந்தது.
போன வாரம் இழுத்த கோடு
சிமென்ட் தரையில்
மெல்லிசாய், வெள்ளையாய்க் கிடக்கிறது.
துடைத்துப் பார்த்தேன்.

மிஸ்பா நோட்டை நீட்டுகிறாள்,
கையை நோட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு.